ஊடக நிறுவனத்தில் தரவுக் கசிவு: நடக்கும் முன்பும் நடந்த பின்பும் செய்ய வேண்டியவை

2014 நவம்பர் 24, திங்கட்கிழமை. சோனி பிக்சர்ஸ் நிறுவனத்தில் வேலைக்கு வந்தவர்கள் கணினியைத் திறந்தபோது திரையில் ஓர் எலும்புக்கூட்டுப் படமும் ஒரு மிரட்டலும் நின்றன. அடுத்த சில வாரங்களில், இன்னும் திரைக்கு வராத படங்கள், சம்பளப் பட்டியல்கள், ஏறக்குறைய 47,000 பேரின் சமூகப் பாதுகாப்பு எண்கள் (அமெரிக்காவின் அரசு அடையாள எண்), நிர்வாகிகளின் மின்னஞ்சல்கள் என்று எல்லாம் ஒவ்வொன்றாக இணையத்துக்கு வந்தன. டிசம்பர் 19 அன்று அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, இதற்கு வட கொரிய அரசே பொறுப்பு என்று அறிவித்தது.

இவற்றில் அதிகம் காயப்படுத்தியது மின்னஞ்சல்கள்தான் என்பது என் எண்ணம். படம் கசிந்தால் வசூல் குறையும். அந்த நஷ்டத்தைக் கணக்கில் எழுதிவிடலாம். நம்பி எழுதிய கடிதம் ஊர் முழுக்கப் படிக்கப்பட்டால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது? ஸ்டுடியோவின் இணைத் தலைவராக இருந்த ஏமி பாஸ்கல் அந்தப் பதவியை விட்டு விலகுவதாக அடுத்த பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது.

வங்கி பணத்தைக் காக்கிறது. ஊடக நிறுவனம் காக்க வேண்டியது, பிறர் அதை நம்பிச் சொன்ன பேச்சை. நிருபரிடம் ரகசியமாகத் தகவல் தந்தவர், சந்தாதாரர், ஆசிரியர் குழுவுக்குள் மனம் விட்டுப் பேசிய ஊழியர் எல்லோரும் அந்தக் கணக்கில் வருகிறார்கள். இந்த வழிகாட்டி அதை மையமாக வைத்து எழுதப்பட்டது. நிறுவனத்தின் தொழில்நுட்பப் பொறுப்பில் இருப்பவருக்கும், "பாதுகாப்பையும் நீங்களே பாருங்கள்" என்று சொல்லப்பட்ட ஆசிரியருக்கும் இது உதவும்.

படி 1: கசிந்தால் யாருக்கு வலிக்கும் என்று பட்டியல் போடுங்கள்

பொதுவாக ஐடி துறை தயாரிக்கும் பட்டியலில் சர்வர்கள், லேப்டாப்கள், மென்பொருள் உரிமங்கள் இருக்கும். அது தேவைதான், ஆனால் போதாது. இன்னொரு தாளை எடுத்து, மனிதர்களை வைத்து எழுதுங்கள். தகவல் தந்தவர்களின் பெயர்கள் எங்கெல்லாம் பதிவாகியிருக்கின்றன? நிருபரின் குறிப்புகள், பயணச் செலவு ரசீதுகள், தொலைபேசிக் கட்டண விவரங்கள், பேட்டியின் ஒலிப்பதிவு ஏற்றப்பட்ட எழுத்தாக்கச் செயலி என்று அது நீளும். செலவு ரசீதை யாரும் ரகசியமாக நினைப்பதில்லை. ஆனால் எந்த நாளில் எந்த ஓட்டலில் யாரோடு சாப்பிட்டார் என்பதே ஒருவரைக் காட்டிக்கொடுக்கப் போதும்.

சந்தாதாரர் விவரம், ஊழியர்களின் அடையாள ஆவணங்கள், ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்களின் வங்கிக் கணக்கு எண்கள், வேலையை விட்டுப் போனவர்களின் கோப்புகள் ஆகியவற்றையும் சேருங்கள். பட்டியல் முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் எதிரே "இது இன்னும் நமக்கு எதற்கு?" என்று கேளுங்கள். பதில் வராதவற்றை, சட்டப்படி வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்திருந்தால், அழித்துவிடுங்கள். வைத்திராத தரவை எந்த ஹேக்கராலும் திருட முடியாது.

படி 2: லாகினைக் காப்பாற்றுங்கள்

திருடர்கள் பெரும்பாலும் சுவரை உடைத்து வருவதில்லை, யாரோ ஒருவரின் லாகினோடு வருகிறார்கள். ஊடகத்தில் இது மிகவும் சுலபம். முன்பின் தெரியாதவர் அனுப்பும் கோப்பைத் திறந்து பார்ப்பதே நிருபரின் வேலை. "தெரியாத இணைப்பைத் திறக்காதீர்கள்" என்ற அறிவுரையை நியூஸ் ரூமில் சொல்வது, மருத்துவரிடம் நோயாளியைத் தொடாதீர்கள் என்பதைப் போன்றது.

அதனால் மனிதர் தவறினாலும் தாங்கும்படி அமைப்பை உருவாக்க வேண்டும். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி, ஒன்றுமே இல்லாததற்கு மேல். ஆனால் போலி லாகின் பக்கத்தில் நீங்கள் தட்டும் ஓடிபியைத் திருடன் அதே நொடியில் உண்மையான தளத்தில் போட்டு உள்ளே போய்விடலாம். பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கைபேசியிலோ கணினியிலோ பதிந்திருக்கும் டிஜிட்டல் சாவி) அல்லது யுஎஸ்பி பாதுகாப்புச் சாவியில் இது நடக்காது. அந்தச் சாவி தளத்தின் முகவரியைத் தானே சரிபார்க்கிறது. முகவரி போலி என்றால் பதில் சொல்லாது. எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்க முடியாவிட்டால் நிர்வாகக் கணக்கு வைத்திருப்பவர்கள், புலனாய்வு நிருபர்கள், சமூக ஊடகக் குழு, நிதித் துறை என்ற வரிசையில் தொடங்குங்கள்.

அடுத்தது வீட்டுக் கணினி. என்னைக் கேட்டால், இன்றைக்கு மிக அதிகமாகக் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். 2024 ஜூலையில் டிஸ்னி ஊழியர்கள் ஸ்லாக் என்ற அலுவலக அரட்டைச் செயலியில் பேசிய உரையாடல்கள் 1.1 டெராபைட் அளவுக்கு வெளியே கொட்டப்பட்டன. 4.4 கோடிக்கும் மேற்பட்ட செய்திகள் அதில் இருந்ததாகப் பின்னர் செய்தி வந்தது. அதன் தொடக்கம், ஓர் ஊழியர் தன் சொந்தக் கணினியில் இறக்கிய, ஏஐ படம் வரையும் கருவி போல வேடமிட்ட ஒரு இலவச மென்பொருள். அதிலிருந்த மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்), அவர் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டு மேனேஜருக்குள் போனது, அங்கிருந்து அலுவலக ஸ்லாக்குக்குப் போனது. ரஷ்ய ஹேக்கர் குழு என்று சொல்லிக்கொண்டு அதை வெளியிட்டவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த 25 வயதுக்காரர். 2025-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதே 2025 நவம்பரில் ஜப்பானின் நிக்கேய் பத்திரிகை நிறுவனமும் இதே வகைச் சம்பவத்தை அறிவித்தது. ஊழியரின் சொந்தக் கணினியில் மால்வேர், திருடுபோன ஸ்லாக் லாகின், 17,368 பேரின் விவரங்கள் கசிந்திருக்கலாம் என்ற அறிவிப்பு.

இந்த வகை மால்வேர் பாஸ்வேர்டை மட்டும் எடுப்பதில்லை. ஏற்கெனவே லாகின் செய்து வைத்திருக்கும் பிரவுசரின் குக்கியையும், அதாவது நீங்கள் உள்ளே நுழைந்துவிட்டீர்கள் என்று தளத்துக்குக் காட்டும் சிறு கோப்பையும், எடுத்துக்கொள்ளும். குக்கி கையில் இருந்தால் ஓடிபியும் தேவையில்லை, சாவியும் தேவையில்லை. எனவே அலுவலக அரட்டைக்கும் மின்னஞ்சலுக்கும் நிறுவனம் பராமரிக்கும் சாதனத்திலிருந்து மட்டுமே நுழைய முடியும் என்று அமைத்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் பாஸ்வேர்டை மாற்றியதோடு நிற்காமல் அந்தக் கணக்கின் எல்லாத் திறந்த அமர்வுகளையும் (லாகின் ஆகியே இருக்கும் இணைப்புகளையும்) துண்டிக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திருடன் பழைய குக்கியோடு உள்ளேயே உட்கார்ந்திருப்பான்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். சோனியில் கசிந்த கோப்புகளுக்குள் "பாஸ்வேர்டு" என்றே பெயரிட்ட ஒரு ஃபோல்டர் இருந்தது. யார் கணினியில் இப்படி இருக்கிறது என்று இன்றே தேடிப் பாருங்கள்.

படி 3: பழைய பேச்சு எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று முடிவு செய்யுங்கள்

பலருக்கு ஸ்லாக்கும் மின்னஞ்சலும் ஒரு பெரிய அலமாரி. பத்து வருடத்துக்கு முந்தைய உரையாடலையும் தேடி எடுக்கலாம் என்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. திருடனுக்கும் அதே வசதி உண்டு.

அரட்டைக்கு ஒரு கால வரம்பு வையுங்கள். பொதுவான சேனல்களுக்கு 90 நாள், முக்கியமான புலனாய்வுக் குழுவுக்கு அதைவிடக் குறைவு என்று தொடங்கலாம். வழக்கு அல்லது தணிக்கைக்காகக் காக்க வேண்டியவற்றைச் சட்டத் துறையோடு பேசித் தனியே எடுத்து வையுங்கள். இதற்கு எதிர்ப்பு வரும். ஆசிரியர்கள் "பழைய குறிப்பு வேண்டுமே" என்பார்கள். அவர்கள் சொல்வது நியாயமானது. குறிப்பு வேண்டியதை முறையான கோப்பாக எழுதி வைக்க ஓர் இடம் கொடுங்கள். அரட்டையே ஆவணக் காப்பகமாக இருக்க வேண்டியதில்லை.

"எல்லோருக்கும் திறந்த" சேனல்களை எண்ணிப் பாருங்கள். ஒரு சாதாரண ஊழியரின் லாகினை வைத்து எத்தனை சேனல்களைப் படிக்க முடிகிறது என்பதை நீங்களே ஒரு சோதனைக் கணக்கில் பாருங்கள். அந்த எண்தான் ஒரு லாகின் போனால் உங்களுக்கு ஏற்படும் சேதத்தின் அளவு.

படி 4: தகவல் தருபவருக்குத் தனி வழி

2012 இறுதியில் நியூயார்க் டைம்ஸ் நெட்வொர்க்குக்குள் நான்கு மாதம் ஹேக்கர்கள் இருந்தார்கள். சீனப் பிரதமர் வென் ஜியாபாவோவின் உறவினர்களின் சொத்து பற்றிய புலனாய்வுச் செய்தி வெளியான காலம் அது. ஊழியர் அனைவரின் பாஸ்வேர்டும் போயிருந்தது. ஆனால் அவர்கள் தேடியது சந்தாதாரரையோ பணத்தையோ அல்ல, அந்தச் செய்திக்கு யார் பேசினார்கள் என்பதை. நிறுவப்பட்ட 45 மால்வேர்களில் ஒன்றை மட்டுமே ஆன்டிவைரஸ் பிடித்ததாக அந்த நாளிதழே எழுதியது. நியூஸ் கார்ப் நிறுவனத்துக்குள் 2020 பிப்ரவரி முதல் 2022 ஜனவரி வரை, கிட்டத்தட்ட இரண்டு வருடம், ஹேக்கர்கள் இருந்தும் தெரியவில்லை.

அரசுகளின் பலத்தோடு வருபவர்களை முழுவதும் தடுப்பது கடினம். ஆகவே தகவல் தருபவர் பற்றிய எதுவும் நிறுவனத்தின் பொது நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது. செக்யூர்டிராப் என்ற திறந்தநிலை மென்பொருள் இதற்காகவே செய்யப்பட்டது. தகவல் தருபவர், அனுப்புபவரின் அடையாளத்தை மறைக்கும் டோர் என்ற நெட்வொர்க் வழியாக ஆவணத்தைப் போடுகிறார். நிருபர் அதை இணையத்தோடு இணைக்கப்படாத ஒரு கணினியில் திறக்கிறார். அது பெரிய ஏற்பாடாகத் தோன்றினால் குறைந்தது, வெளியிலிருந்து வரும் கோப்புகளை டேஞ்சர்சோன் போன்ற கருவியில் போட்டுப் பாதுகாப்பான பிடிஎஃப் ஆக மாற்றிய பின் திறக்கும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள்.

கைபேசியும் உண்டு. 2020 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அல் ஜசீராவைச் சேர்ந்த 36 பேரின் கைபேசிகளுக்குள் பெகாசஸ் உளவு மென்பொருள் போனதை கனடாவின் சிட்டிசன் லேப் ஆய்வு மையம் கண்டறிந்தது. அவர்கள் எதையும் தட்டக்கூட இல்லை. ஆபத்தான செய்தித் துறையில் இருக்கும் நிருபரின் ஐபோனில் லாக்டவுன் மோடை (தாக்குதலுக்கு வழி தரக்கூடிய வசதிகளை முடக்கும் அமைப்பு) இயக்கி வைப்பதும், மென்பொருள் புதுப்பிப்பு வந்த அன்றே போடுவதும் செலவில்லாத காப்பு.

படி 5: வெளியே போகும் கோப்பைக் கணக்கில் வையுங்கள்

படம், தொடர், நிகழ்ச்சி எதுவானாலும் ஒலிக்கலவை, டப்பிங், சப்டைட்டில், கிராஃபிக்ஸ் என்று பல கைகளுக்குப் போய் வருகிறது. 2016 இறுதியில் லார்சன் ஸ்டுடியோஸ் என்ற ஒலி வேலை செய்யும் சிறிய நிறுவனம் தாக்கப்பட்டது. காரணம், விண்டோஸ் 7-இல் ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய கணினி. திருடிய கோப்புகளை வெளியிடாமல் இருக்க அவர்கள் மீட்புத் தொகையாக 50 பிட்காயின் கொடுத்தார்கள். கொடுத்த பின்பும் 2017 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸ் தொடர் ஒன்றின் புதிய பத்து அத்தியாயங்கள் வெளியே வந்தன. மீட்புத் தொகை கொடுப்பதா என்று உங்கள் நிறுவனத்தில் விவாதம் வரும் நாளில் இந்தச் சம்பவத்தை நினைவில் வையுங்கள்.

வெளியே அனுப்பும் ஒவ்வொரு பிரதியிலும் பெறுபவருக்கென்று தனி வாட்டர்மார்க் (அது யாருக்குப் போன பிரதி என்று காட்டும் அடையாளம்) போடுங்கள். சப்டைட்டில் எழுதுபவருக்குக் குறைந்த தரத்தில் ஒரு பிரதி போதும். முழுத் தொடரும் ஒரே நேரத்தில் வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் அழித்ததை எழுத்தில் வாங்குங்கள். ஃப்ரீலான்ஸ் பணியாளரின் கணக்கை உருவாக்கும் நாளிலேயே முடிவுத் தேதியையும் போட்டுவிடுங்கள். பின்னால் யாரும் ஞாபகமாக மூடுவதில்லை.

படி 6: ஒளிபரப்பும் அச்சும் அலுவலகத்தோடு சேர்ந்து விழக்கூடாது

2015 ஏப்ரல் 8 இரவு பிரான்சின் டிவி5மோந்த் அலைவரிசைகள் இருண்டன. ஐஎஸ் பயங்கரவாத அமைப்பின் ஆதரவாளர்கள் போல "சைபர் கலிஃபேட்" என்று பெயர் போட்டு வந்த தாக்குதல் அது. பின்னால் விசாரணை ரஷ்யாவோடு தொடர்புள்ள ஏபிடி28 என்ற ஹேக்கர் குழுவைக் காட்டியது. ஹேக்கர்கள் ஜனவரியிலேயே உள்ளே வந்து ஒளிபரப்பு அமைப்பு முழுவதையும் படித்திருந்தார்கள். ஏழு வழிகளில் வந்தார்கள். அதில் ஒன்று, ஸ்டுடியோவுக்கு ரிமோட் கேமரா தந்த நெதர்லாந்து நிறுவனம். நல்ல வேளையாக அன்று புதிய அலைவரிசை ஒன்று தொடங்கியிருந்ததால் தொழில்நுட்பக் குழு அலுவலகத்தில் இருந்தது. ஒருவர் சரியான கணினியைக் கண்டுபிடித்து இணையத்திலிருந்து துண்டித்தார். அது நடக்காவிட்டால் நிறுவனமே மிஞ்சியிருக்காது என்று அதன் தலைமை பின்னர் சொன்னது.

அடுத்த நாள் இன்னொன்று நடந்தது. தாக்குதலைப் பற்றி இன்னொரு அலைவரிசைக்குப் பேட்டி கொடுத்த டிவி5மோந்த் நிருபரின் பின்னால், சுவரில் ஒட்டியிருந்த காகிதங்களில் நிறுவனத்தின் சமூக ஊடக பாஸ்வேர்டுகள் உலகம் முழுக்கத் தெரிந்தன. கேமரா நுழையும் இடத்தில் எதையும் ஒட்டக்கூடாது என்பது எல்லா நியூஸ் ரூமுக்கும் பொருந்தும்.

செய்ய வேண்டியது இது. ஒளிபரப்பு, பக்க வடிவமைப்பு, அச்சகம், அலுவலக மின்னஞ்சல் ஆகியவற்றைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரியுங்கள். ஒன்றின் நிர்வாகக் கணக்கு மற்றதில் வேலை செய்யக் கூடாது. பேக்கப்பின் ஒரு பிரதியாவது நெட்வொர்க்குக்கு வெளியே, நிர்வாகியால்கூட அழிக்க முடியாதபடி இருக்க வேண்டும். ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மால்வேர்) கும்பல் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான். பேக்கப் இருப்பது பாதி வேலை. அதிலிருந்து மீட்டெடுக்க எத்தனை நாள் ஆகும் என்று செய்து பாருங்கள். 2024 ஜூன் 8 அன்று ஜப்பானின் கடோகாவா ஊடக நிறுவனம் தாக்கப்பட்டபோது அதன் நிகோனிகோ வீடியோ தளம் திரும்பி வர ஆகஸ்ட் 5 ஆனது.

படி 7: உங்கள் பெயரில் பேசும் கணக்குகள்

2013 ஏப்ரல் 23 அன்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கிலிருந்து வெள்ளை மாளிகையில் குண்டு வெடித்ததாக ஒரு பொய்ச் செய்தி வந்தது. சில நிமிடங்களில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து மீண்டது. அதற்குக் கொஞ்சம் முன்புதான் ஊழியர்களுக்கு ஃபிஷிங் மின்னஞ்சல் (ஏமாற்றிப் பாஸ்வேர்டைப் பறிக்கும் மின்னஞ்சல்) வந்திருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் தளம் செயலிழந்தது. ஹேக்கர்கள் வந்தது, அதன் டொமைனை, அதாவது இணைய முகவரியை, பதிவு செய்த நிறுவனத்தின் வழியாக. டொமைனுக்கு ரெஜிஸ்ட்ரி லாக் (கூடுதல் சரிபார்ப்பு இல்லாமல் அதன் விவரங்களை மாற்ற முடியாதபடி பூட்டுவது) போடுங்கள். சமூக ஊடகக் கணக்குகளை ஒரே பாஸ்வேர்டைப் பத்துப் பேர் பகிராமல், ஆளுக்கொரு லாகினோடு ஒரு மேலாண்மைக் கருவி மூலம் நடத்துங்கள்.

படி 8: முதல் நாள்

கசிவு தெரிந்துவிட்டது. சரி, இப்போது என்ன?

முதலில் நிறுவன மின்னஞ்சலிலும் ஸ்லாக்கிலும் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்துங்கள். திருடன் அங்கே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கலாம். சொந்தக் கைபேசிகளில், சிக்னல் என்ற பாதுகாப்பான செய்திச் செயலியில், குழு ஒன்றை ஏற்கெனவே வைத்திருக்க வேண்டும். பாதித்த கணினியை நெட்வொர்க்கிலிருந்து துண்டியுங்கள், ஆனால் அணைக்காதீர்கள். நினைவகத்தில் இருக்கும் தடயம் அணைத்தால் போய்விடும். பரவும் ரான்சம்வேரைத் துண்டிக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும் அணையுங்கள். யார் எந்த நேரத்தில் என்ன செய்தார் என்று ஒருவர் காகிதத்தில் எழுதிக்கொண்டே இருக்கட்டும்.

உளவு பார்க்க வந்தவனை அவசரப்பட்டு ஒரு கதவில் மட்டும் துரத்தினால் அடுத்த கதவில் வருவான். நியூயார்க் டைம்ஸ் குழு எல்லாக் கள்ளக் கதவுகளையும் கண்டுபிடிக்கும் வரை கண்காணித்துவிட்டு, பிறகு ஒரே நேரத்தில் மூடியது. ரான்சம்வேர் வேறு மாதிரி. அங்கே காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இன்னொரு சர்வர் போகும். எது நடக்கிறது என்று தெரிந்த பிறகே வேகத்தை முடிவு செய்யுங்கள்.

படி 9: சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லுங்கள்

சட்டத்தின் கடிகாரம் நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தெரிந்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்பிடம் சொல்ல வேண்டும். இந்தியாவில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் போட்ட உத்தரவு 6 மணி நேரம் என்கிறது. அமெரிக்கப் பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம், பாதிப்பு முக்கியமானது என்று முடிவு செய்த நான்கு வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். பல நாடுகளில் இயங்கும் நிறுவனத்துக்கு இவை எல்லாமே ஒரே சமயத்தில் ஓடும். இதை முன்கூட்டியே வழக்கறிஞரோடு ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்.

சட்டம் கேட்காத ஒரு கடமையும் உண்டு. தகவல் தந்தவரின் பெயர் போயிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே, உறுதியாகும் வரை காத்திராமல் அவரிடம் சொல்லிவிடுங்கள். அவரை அறிந்த நிருபர், பாதுகாப்பான வழியில், முடிந்தால் நேரில் சொல்ல வேண்டும். அவர் வேலையை, சில நாடுகளில் உயிரை, உங்களை நம்பி வைத்திருக்கிறார். ஒரு நாள் முன்னதாகத் தெரிந்தால் அவருக்கு ஒரு வழி கிடைக்கலாம்.

உங்கள் நியூஸ் ரூம் இந்தக் கசிவைச் செய்தியாக எழுதட்டும். நிர்வாகம் அதில் தலையிடக் கூடாது. பிற நிறுவனங்களின் கசிவை முதல் பக்கத்தில் போட்டவர்கள் தங்கள் கசிவை உள்ளே ஒளித்தால் வாசகர் அதைக் கவனிப்பார்.

படி 10: விடுமுறை நாளில் ஒத்திகை

தேதிகளைப் பாருங்கள். அமெரிக்காவின் டிரிப்யூன் பத்திரிகைகளின் அச்சு சைபர் தாக்குதலால் தடைப்பட்டது 2018 டிசம்பர் 29, சனிக்கிழமை. ஜெர்மனியின் ஃபுங்கே பத்திரிகைக் குழுமம் தாக்கப்பட்டது 2020 டிசம்பர் 22. ஆஸ்திரேலியாவின் நைன் தொலைக்காட்சி 2021 மார்ச் 28, ஞாயிறு. பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் 2022 டிசம்பர் 20. அலுவலகத்தில் ஆள் குறைவாக இருக்கும் நாட்களில்தான் இவை வருகின்றன. எனவே ஒத்திகையையும் அப்படி ஒரு நாளில் வையுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முன்னறிவிப்பு இல்லாமல், பணியில் இருக்கும் குழுவிடம் சொல்லுங்கள்: மின்னஞ்சல் இல்லை, ஸ்லாக் இல்லை, செய்தி ஏற்றும் மென்பொருள் இல்லை. மாலைக்குள் நான்கு பக்கமோ அரை மணி நேரச் செய்தியோ தயாராக வேண்டும். நெட்வொர்க்கில் சேராத இரண்டு லேப்டாப், ஒரு மொபைல் ஹாட்ஸ்பாட், பக்க அமைப்பின் எளிய மாதிரி உள்ள ஒரு யுஎஸ்பி, இவற்றோடு ஒரு பெட்டி அவர்கள் கையில் இருக்கட்டும். ஃபுங்கே பத்திரிகைகள் அந்த டிசம்பரில் மெலிந்த அவசரப் பதிப்புகளாகவாவது வாசகரிடம் போய்ச் சேர்ந்தன.

பெட்டியில் ஒரு காகிதமும் இருக்க வேண்டும். ஆசிரியர், தொழில்நுட்பத் தலைவர், வழக்கறிஞர், அச்சகப் பொறுப்பாளர், கிளவுட் சேவை நிறுவனத்தின் அவசர உதவி ஆகியோரின் தொலைபேசி எண்கள் அதில் அச்சாகியிருக்கட்டும். ஒத்திகை நாளில் ஒவ்வோர் எண்ணையும் அழைத்துப் பாருங்கள். எடுக்காத எண்ணை அன்றே மாற்றி, புதிய தாளை அச்சடித்துப் பெட்டியில் வையுங்கள்.